மேனேஜர் என்ற கிடா

கோலசிலாங்கூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி கோகிலனுக்கு,

அக்கா அன்பரசி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். மூன்று வாரமாக உன் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் மட்டும் விழுவதைப் பார்த்தாலே தெரிகிறது. போனை அணைத்துவைக்கலாம், கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகும் கடிதத்தை என்ன செய்வாய்? அதனால்தான் துவைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கிலாந்து கிளப்புக்கு ஒரு சீசன் இரவலாகப் போன கால்பந்து ஆட்டக்காரன் வெறுங்கையோடு திரும்பினால் ஊர் சிரிக்கும், இங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவிப் பிழைத்துக்கொள்கிறேன் என்று கடைசியாகப் பேசியபோது சொன்னாய். மங்கு கழுவுவதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துவைக்காதவன் நீ!

நடந்ததை மூடி மறைத்துப் பேச எனக்கு வராது. சீசன் முழுக்க உன்னைப் பெஞ்சிலேயே உட்காரவைத்தார்கள். ஒரே ஒரு ஆட்டத்தில் கடைசிச் சில நிமிடம் இறக்கினார்கள். அதிலும் உன் காலில் நழுவிய பந்து எதிரணிக்குக் கோலானது. நம் செம்பனைத் தோட்டத்து ஆட்கள் பேசினார்களா? பேசினார்கள். நானே இரண்டு பேரிடம் சண்டைக்குப் போனேன். அது பழைய கதை. புதுக் கதையைக் கேள்.

அப்பா முனீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியாது. இங்கிலாந்தில் நீ முதல் கோல் போட்டதும் கிடா வெட்டுவதாகச் சொல்லி, நீ விமானம் ஏறிய அன்றே ஒரு குட்டியை வாங்கிக் கட்டினார். கோல் விழவில்லை, குட்டி மட்டும் கிடாவாக வளர்ந்துவிட்டது. அம்மாவின் மல்லிகைச் செடியும் என் வேலைச் சட்டையின் ஒரு கையும் அதன் வயிற்றுக்குள் போயாயிற்று. உன்னை இறக்காத ஒவ்வொரு ஆட்டத்துக்கும், திட்ட வேறு ஆள் கிடைக்காமல் அப்பா அதைத்தான் திட்டுவார். உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்த அந்த அணி மேனேஜரை நினைத்து, ‘மேனேஜர்’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

போன வாரம் தஞ்சோங் காராங் திடலில் வட்டாரக் கோப்பைக்கு இறுதி ஆட்டம். நம் தோட்டத்து அணி இதற்குமுன் அரையிறுதியையே தாண்டியதில்லை. அணிக்கு ஒரு கோல். முடியப்போகிற நேரத்தில் நமக்கு ஒரு கார்னர். கேப்டன் அர்ஜுனன் கையைத் தூக்கினான். உடனே அவனையும் சேர்த்து நம் ஆட்கள் நாலு பேர், பஸ்ஸுக்கு நிற்பதுபோல் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். நாசி லெமாக் சோறு வாங்க வரிசையா என்று எதிரணிக்காரர்கள் சிரித்தார்கள். பந்து கிளம்பியதும் நாலு பேரும் நாலு பக்கம் சிதறினார்கள். யாரைப் பிடிப்பது என்று அவர்கள் முழிப்பதற்குள் அர்ஜுனன் தலையால் முட்டி உள்ளே தள்ளிவிட்டான்!

நினைவிருக்கிறதா? அங்கே உன் அணி செய்வதைப் பெஞ்சிலிருந்து பார்த்துப் பார்த்து, மேசைமேல் உப்புப் புட்டியையும் கரண்டிகளையும் நிறுத்தி, வீடியோ காலில் அர்ஜுனனுக்கு நீ சொல்லிக்கொடுத்த வித்தைதான் அது. செம்பனைக் குலை ஏற்றி முடித்த கையோடு தினமும் அதைத்தான் பழகினார்கள்.

அப்பா ஒற்றைச் செருப்போடு திடலுக்குள் ஓடினார். அம்மா முன்பின் தெரியாத ஒரு மலாய்க்கார அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். கோப்பையை லோரியில் ஏற்றி, கம்போங் குவாந்தான் வழியாக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தோம். மின்மினி பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் கல்யாண ஊர்வலம் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். எனக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை.

கோயிலில் இறங்கியதும் பஞ்சாயத்து. கோல் விழுந்துவிட்டது, கிடா வெட்டலாம் என்றார் அப்பா. பூசாரி சின்னையா ஒப்புக்கொள்ளவில்லை. கோகிலன் போடும் கோலுக்குத்தான் வேண்டுதல், அதுவும் இங்கிலாந்தில், வாக்கு மாறக்கூடாது என்றார். அர்ஜுனன் சேற்றுச் சட்டையோடு நடுவில் வந்து நின்றான். “கோகிலன் அங்கேருந்து அனுப்புன பந்து ஐயா இது. என் தலை சும்மா நடுவுல இருந்துச்சி” என்றான். பூசாரி அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, சரி, ஆனால் யார் பேரில் வேண்டினோமோ அவன் கைதான் கிடாவின் கயிற்றைப் பிடிக்க வேண்டும், நம் கோயில் முறை அதுதான் என்றார். பூஜை ஆனி மாதக் கடைசி ஞாயிறு. கோப்பையையும் மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி காலடியில் வைத்திருக்கிறார்கள். நீ வந்து பிரிக்கும்வரை யாரும் தொடமாட்டார்களாம்.

இங்குள்ள உன் கிளப்பின் பயிற்சியாளரும் போன் செய்தார். அடுத்த மாதம் பயிற்சி தொடங்குகிறது, கோகிலன் இடம் அவனுக்குத்தான், ஆனால் பதிலே இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். வருவான் என்று நான் சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு.

அப்பா இப்போது கிடாவை மேனேஜர் என்று கூப்பிடுவதில்லை. நேற்றுப் பலா இலையை ஒடித்துப் போட்டுக்கொண்டே, “அவன் வந்துருவான்லா, நீ சாப்புடு” என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது நன்றாகத்தான் சாப்பிட்டது. அப்பாதான் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

முனீஸ்வரர் உன் கால்களுக்குத் துணையிருக்கட்டும். கயிறு பிடிக்க வாடா தம்பி.

இப்படிக்கு,
விமான நிலையத்துக்கு வர இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்ட
உன் அக்கா,
அன்பரசி