ஏறாமல் நின்ற கடைசி வரிசை

வியாழன் இரவு.

தூத்துக்குடிக்குப் போகும் கன்டெய்னரில் இன்று பம்ப் பெட்டிகளின் கடைசி வரிசை ஏறவில்லை. அதே இருபதடி கன்டெய்னர், அதே பெட்டிகள். எப்போதும் ஒரு சாண் இடம் மிச்சம் இருக்கும்.

"அடுக்கறதுல எங்கியோ தப்பு பண்ணிப்போட்டமுங்க" என்றார் லோடு மேஸ்திரி பழனிச்சாமி.

"அதை உட்டுப்போட்டுச் சாத்துங்கண்ணா, கப்பல் போயிருமுங்க" என்றார் டிரைவர். ஆள் புதுசு. அந்த வரிசையை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தி, கம்பெனி சீலை என் கையாலேயே போட்டு அனுப்பினேன்.

சாப்பிடும்போதுதான் உறைத்தது. பெட்டி வளர்ந்திருக்காது. கன்டெய்னர்தான் உள்ளே குறைந்திருக்கிறது. ஏற்றும் முன் உள்ளே போய், போலிச் சுவர் ஏதும் வைத்திருக்கிறார்களா என்று முன்பக்கச் சுவரைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். காலி கன்டெய்னர் எடுத்த யார்டிலேயே பார்த்தாயிற்று என்று டிரைவர் சொன்னதை நம்பி விட்டுவிட்டேன். உள்ளே புதுப் பெயிண்ட் வாசம் வேறு அடித்தது.

டிரைவருக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "உள்ள எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது, நீங்க தூங்குங்கண்ணா" என்றார். நான் இன்னும் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

முதலாளியை எழுப்பலாமா? சீல் போட்டது யார் என்றுதான் முதலில் கேட்பார். துறைமுகத்திலும் சீல் உடையாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். உடையாமல்தான் இருக்கும். அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருந்தாலும் இப்போது அது எங்கள் சரக்கு.