சங்கத்துக்குத் தானமாகப் போன வேலி

என் செல்ல மகளுக்கு,

உன் எட்டு வயதில் உன்னைத் தோளில் ஏற்றி, அந்தத் தோள்வலி இன்றுவரை தீராத உன் சித்தப்பா எழுதுவது. நான் நலம், உன் சித்தி நலம், எங்கள் இருவரையும்விட எங்கள் வேலி நலம். நீயும் அதைப் போல் நிமிர்ந்து நிற்பாய் என்று நம்புகிறேன்.

போன வாரம் நீ போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சித்தியிடம் ஒப்பித்தேன். எதுக்கு சித்தப்பா எல்லார்கூடவும் சண்டை, அந்த வேலியைக் கழட்டிடுங்க, சித்தியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் ஓர் ஆள் ஏற்பாடு பண்றேன் என்றாயே, அதைத்தான். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவே இல்லை. ஆளை வெச்சா அந்த ஆள் வர்ற நேரத்துக்கு நான் காத்து நிக்கணும், கம்பின்னா அது எனக்காகக் காத்து நிக்கும், அவகிட்ட சொல்லிடுங்க என்றாள். சொல்லிவிட்டேன்.

நீ அதைக் கண்ணால் பார்க்காததால்தான் இப்படிப் பேசுகிறாய். சித்தியின் பார்வை வெளிச்சம், நிழல் என்று சுருங்கிய பிறகு நாலு மாதம் அவள் கொல்லைப்புறக் கதவைத் தாண்டவில்லை. முப்பது வருடம் பஸ் பாடி கட்டியவன் நான், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் குழாய் இருக்கிறதே, பட்டறையில் மிஞ்சிக் கிடந்ததைக் கொண்டுவந்து நம் கதவிலிருந்து பொதுத் தோட்டத்துக் கல்பெஞ்சு வரை பதினோரு தூண் நட்டு, அவள் பிடித்து நடக்கக் கைப்பிடி வேலியாகப் பற்றவைத்தேன். அவள் உள்ளங்கை ஓடும் இடமாயிற்றே என்று பற்றவைத்த இணைப்புகளை மூன்று நாள் அரம் போட்டுத் தேய்த்தேன். இப்போது அந்த இணைப்பில் ஓர் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும். மறுநாள் காலை நாற்பத்திரண்டு அடி எடுத்து வைத்துத் தனியாகப் போய் உட்கார்ந்தாள். மாமன்னர்கள் முடிசூடியபோதுகூட முகம் அப்படி இருந்திருக்காது.

உடனே வந்தது நோட்டீஸ். நம் இருபத்து நாலு வீட்டுச் சங்கத்தின் செயலாளரை முத்திரை மன்னர் என்று நான் சொல்வேனே, அவர்தான். எந்தக் காகிதம் முன்னால் வந்தாலும் முதலில் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் படிப்பார். ஒருமுறை சலவைக்காரரின் துணிக் கணக்குக்கே குத்திவிட்டார். பொது இடத்தில் தனியார் வேலி கூடாது, பதினைந்து நாளில் எடுக்காவிட்டால் சங்கமே அறுத்துவிடும் என்று எழுதியிருந்தார். கூட்டத்தில் நான் பேசிய பேச்சுக்கு மலை உருகியிருக்கும், நாற்காலிகள் உருகவில்லை. எடுக்கச் சொல்லிப் பதினான்கு கை, நமக்கு ஒன்பது, ஒருவர் தூங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தேன். இருபத்திரண்டாம் விதி: பொது இடத்தில் உள்ள சங்கத்துச் சொத்தை அகற்ற வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள், அதாவது பதினாறு கை வேண்டும். மறுநாள் காலை மன்னர் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்துப் போய் ஒரு கடிதத்தை வைத்தேன். மேற்படி வேலியைச் சங்கத்துக்கே தானமாக அளிக்கிறேன், பெற்றுக்கொள்ளவும். டப் என்று விழுந்தது முத்திரை. கும்பிடு போட்டுவிட்டு நான் வீடு வந்து சேர்வதற்குள் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். இப்படிக் கழுத்தறுத்திட்டீங்களே சார் என்றார். தானம் கொடுத்தவனைப் பார்த்துப் பேசுற பேச்சா சார் இது என்றேன். மறுபடி கூட்டம் போட்டார்கள், தூங்கினவரைத் தட்டி எழுப்பிக் கையைத் தூக்க வைத்தும் பதினைந்துதான்!

சங்கத்துச் சொத்து என்றால் சங்கத்துப் பச்சை பூச வேண்டுமாம், அதுவும் விதி. சற்று முன்புதான் பூசி முடித்தார்கள். பாவம், மன்னரே முதல் தூணருகில் நின்று, அம்மா, பெயிண்ட் காயல, ரெண்டு நாள் பிடிக்காதீங்க என்றார். சரிங்க, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு உன் சித்தி முதல் தூணிலிருந்து கடைசித் தூண் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். அவர் சொன்னது காதுல விழலையா என்று கேட்டேன். விழுந்துச்சு, நாலு மாசம் உள்ளேயே கிடந்தேன், இன்னும் ரெண்டு நாளா என்றாள்.

அதனால் ஆள் தேடுவதை விடு. வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. இடுப்பொடியாத ஆயுளும் வளையாத முதுகும் உனக்கு வாய்க்கட்டும். சித்தி கையில் ஒட்டிய பச்சையைத் துடைக்க மண்ணெண்ணெய் எடுத்தேன், இருங்க, முதல்ல அவளுக்கு எழுதுற லெட்டரைக் கொண்டாங்க என்று கையை நீட்டுகிறாள். கீழே பச்சையாக அஞ்சு விரலும் பதிந்திருப்பது உன் சித்தியின் பதில்.

இப்படிக்கு,
வேலியைத் தானம் கொடுத்த வள்ளல்,
உன் சித்தப்பா