மஞ்சள் திரையும் வெற்று ஆணியும்

அன்புள்ள கண்ணா, அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, கேட்பதற்கு முன்பே "சூப்பரா இருக்கேம்மா"ன்னு சொல்லிவிடுகிறவன் நீ. போன் வாங்கி அனுப்பியும் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதே. அந்தப் போனில் நான் எதைத் தட்டினாலும் எழுத்து அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, அப்பா கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தே படித்துவிடுகிறார்.

பெட்டியைப் பிரித்ததுமே அவர், "இது போனா, சாப்பாட்டுத் தட்டா?"ன்னு ஆரம்பித்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு உள்ளங்கையில் அடங்குவதுதான் போனாம், ஒரு கை ஏணியைப் பிடித்திருக்கும்போது மறு கையின் கட்டைவிரல் நாலு மூலைக்கும் எட்ட வேண்டுமாம். இருந்தாலும் மகன் அனுப்பியது என்று ஒருநாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். குனிந்தபோது அது நழுவி லிஃப்ட் கூண்டின் மேல் விழுந்து, அதை எடுத்து முடிக்கும்வரை அந்தக் கட்டடத்து ஜனம் முழுக்கப் படியேறியதாம். அன்றிலிருந்து வேலைக்குப் பழைய குட்டி போன்தான். ஆனால் சின்னதுதான் உசத்தி என்கிற அந்த மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கைகால் கழுவுவதற்குள் இந்தத் தட்டைத்தான் தேடுகிறார்.

திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொடுத்த கடைக்காரர், "இதுல கறுப்புன்னா அசல் கறுப்பும்மா, சாம்பலாத் தெரியாது"ன்னார். இருபத்திரண்டு வருஷமாகச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்று, வெள்ளையிலேயே எட்டு வெள்ளை பார்ப்பவளுக்கு அவர் நிறம் சொல்லித்தருகிறார், நானும் தலையை ஆட்டிவைத்தேன். அப்பாவுக்கோ அந்தப் பளீர் கண்ணைக் குத்துகிறதாம். எதையோ தட்டித் திரை முழுவதையும் மஞ்சளாக்கிவிட்டார். அதற்கப்புறம் நீ வீடியோவில் பேசும்போதெல்லாம், "பாரு, பையன் என்ன நிறமா ஆயிட்டான், அந்த ஊர் தண்ணி ஒத்துக்கிச்சு"ன்னு ஒரே பூரிப்பு.

போன புதன்கிழமை எனக்கு லீவு, அப்பா வேலைக்குப் போயிருந்தார், நீ கூப்பிட்ட நேரம் நான் மஞ்சளை அணைத்து வைத்திருந்தேன். கடைக்காரர் சொன்னது சரிதான், கறுப்பு அசல் கறுப்புதான், உன் கண்ணுக்குக் கீழே பார்த்தேன். அப்புறம் பழக்கதோஷம், சட்டையைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். உன் கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் உன் ஆபீஸ் அட்டை தொங்கும், அன்றைக்கு வெறும் ஆணி. "இன்னிக்கு வீட்டுலேயே வேலைம்மா"ன்னு சொன்னாய். வீட்டில் வேலை என்றால் அட்டை ஆணியில்தானே இருக்க வேண்டும்? குறையுள்ள சட்டையில் ஒட்டுவதற்கு எங்களுக்குச் சின்ன அம்பு ஸ்டிக்கர் தருவார்கள், என் பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும். நீ பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை உரித்து அந்த ஆணிக்கு நேராகத் திரையில் ஒட்டிவிட்டேன், கை தானாகப் போய்விட்டது. சாயங்காலம் அப்பா பார்த்துவிட்டு, "அதுக்குள்ள போன்ல என்ன குறை?"ன்னு கேட்டார். போனில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்றேன்.

அட்டையை ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்று புரிந்துவிட்டது, வேலை போனதா, நீயே விட்டாயா என்று கேட்கவில்லை. வேலை போனது பெரிய விஷயமே இல்லை. இதைத் தனியாக வைத்துக்கொண்டு எத்தனை நாள் எங்களிடம் சிரித்தாய், அதுதான் எனக்குப் பெரிது. இந்தப் போனே உன் கடைசிச் சம்பளமோ என்று நினைத்தபின் அதைத் தொடவே மனசு வரவில்லை. பொய் சொல்லப் போகிறவன் கொஞ்சம் மட்டமான திரையாகப் பார்த்து அனுப்பியிருக்கலாமே, அந்தச் சாமர்த்தியம்கூட என் பிள்ளைக்கு இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, படுத்தால் தூங்கு. வரத் தோன்றினால் வா, உன் அறையில் அப்பாவின் ஸ்பேனர் பெட்டி இருக்கிறது, அதை வெளியே தள்ளிவிடுவேன். அதுவரை அந்த ஆணியில் ஒரு துண்டையாவது மாட்டிவை, அப்பாவும் மெக்கானிக், காலி இடம் கண்ணில் படாமல் போகாது. ஸ்டிக்கரை உரித்துவிட்டேன், மஞ்சளையும் திரும்பப் போட்டுவிட்டேன். நீயே சொல்லும்வரை அவருக்கு நீ நல்ல நிறமாகவே இருப்பாய். சீக்கிரம் சொல்லிவிடு, அந்த மஞ்சளில் எனக்கு உன் முகம் தெரியவில்லை.

நல்லா இருப்பாய்,
அம்மா