டிரைவர் சீட்டின் பிளாஸ்டிக் மூடி

கதிர்காமம், புதுச்சேரி
8-7-2024

அன்பு மனைவி குழலிக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வரப்போவதில்லை, இருந்தாலும் கேட்கிறேன். பொங்கலுக்கு நாலு நாள் லீவில் வந்து போனவள், அதற்கப்புறம் என் போனையே எடுக்கவில்லை. ஆனால் மாதம் ஒரு தடவை காரைக்கால் பஸ்ஸில், நம் காரில் உடைந்த பிளாஸ்டிக் மட்டும் வந்து இறங்குகிறது. புருஷனோடு பேச்சில்லை, மெக்கானிக்கோடு உண்டா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, போ.

ஏசி வென்ட் தயார். விரிசல் முடிகிற இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டிருக்கிறேன், இனிமேல் அது ஓடாது. பின்பக்கம் கம்பி வலையைச் சூடு வைத்துப் பதித்து, அதே பிளாஸ்டிக்கின் துணுக்கை அசிட்டோனில் கரைத்துப் பூசிவிட்டேன். மாட்டும் முன் காரைக் கொஞ்ச நேரம் வெயிலில் விடு, இளகட்டும். அவசரப்பட்டு அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும்.

இடது பக்கம் மட்டும் வெளுத்திருக்கிறது. ஆபீசில் தினமும் ஒரே திசை பார்த்து நிறுத்துகிறாய், அங்கே மர நிழலே கிடையாது. சரியா? பதினேழு வருஷத் தொழில். ஒரு துண்டைக் கொடு, ஓட்டுகிறவர் ஜாதகத்தையே சொல்கிறேன்.

மாற்றல் முடிந்து நீ இங்கே வருவாயா, இல்லை அங்கேயேதானா? அது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டும்.

சந்திரமோகன்

காரைக்கால்
15-7-2024

மாமாவுக்கு,

“போ, போய் அந்த கவர்மென்ட் வேலையையே கட்டிக்கினு அழு” என்று பொங்கலன்று வாசலில் நின்று கத்தியது யார்? அந்த வாயோடு போனில் பேச எனக்கு மனசு வரவில்லை.

வென்ட் அழகாகப் பொருந்திவிட்டது. நிழல் இல்லாததும் உண்மைதான்.

இந்தப் பெட்டியில் டிரைவர் சீட்டின் மூடி இருக்கிறது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளுகிற கம்பியின் பின்முனையை மூடுமே, அது. ஜாதகம் சொல்கிறவர் இதையும் பார்த்துச் சொல்லுங்கள். நிதானமாகப் பாருங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

பெட்டியை ஆபீஸ் அன்பழகன் சார் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார். என்னைத் தூக்கவே விடமாட்டேன் என்கிறார்.

கார்குழலி

கதிர்காமம்
19-7-2024

குழலிக்கு,

மூன்று நாளாக அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மண்டை குழம்பிப்போய்க் கிடக்கிறேன்.

நீ ஐந்தடிகூட இல்லை. சீட்டை முன்னால் கடைசிவரை இழுத்து, முதுகுக்குத் தலையணையும் வைத்துத்தான் ஓட்டுவாய். இதுவோ சீட்டைப் பின்னால் கடைசிவரை தள்ளி, இடித்து இடித்து உடைந்தது. ஒரு நாள் இடி இல்லை, பல நாள் இடி. பக்கத்துக் கடை சாமிக்கண்ணுவிடம் காட்டினேன். “ஆறடி ஆளு ஓட்டறாம்பா” என்றான்.

என் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் என்ன அர்த்தம்? கேட்டுவிடுகிறேன், கேட்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். அன்பழகன் சார் எவ்வளவு உயரம்?

மூடியை ஒட்டவில்லை.

சந்திரமோகன்

காரைக்கால்
23-7-2024

மாமாவுக்கு,

அன்பழகன் சாருக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். கார் ஓட்டத் தெரியாது.

உயரமான ஆள் சீட்டை ஒரு தடவை தள்ளிவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போவான். தினமும் நாலு தடவை ஏன் இடித்தது என்று உங்கள் பதினேழு வருஷத் தொழிலுக்குத் தோன்றவே இல்லையா? நான்தான் இடித்தேன். ஏறும்போதும் இறங்கும்போதும் பின்னால் தள்ளாவிட்டால் வயிறு ஸ்டீயரிங்கில் முட்டுகிறது. ஆறு மாதம் முடிந்துவிட்டது. பொங்கலிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

முந்தைய இரண்டு தடவையும் நாற்பதாம் நாளே தெரு முழுக்க லட்டு கொடுத்தீர்கள். கலைந்த பிறகு ஒவ்வொரு வாசலிலும் நின்று பதில் சொன்னவள் நான். அதனால்தான் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டேன். பெட்டி அனுப்பிய அன்று காலையில் டாக்டரம்மா, “இனிமே பயப்படாத” என்றார். உடனே அந்த மூடியைக் கழற்றினேன். பார்த்ததும் புரிந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பீர்கள் என்று ஆபீஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கம் கெட்டவள்.

நீங்கள் அதை சாமிக்கண்ணுவிடம் காட்டியிருக்கிறீர்கள்.

இன்னும் மூன்று வருஷம் இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

கார்குழலி

காரைக்கால், உன் ஆபீஸ் கேட்
26-7-2024, வெள்ளி காலை

குழலி,

இதை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்புகிறேன். அன்பழகன் சார் வெளியே வந்து, “உள்ள வாங்க தம்பி, வெயில்ல ஏன் நிக்கிறீங்க” என்றார். எந்த முகத்தோடு வருவேன்? இங்கேயே நிற்கிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. சந்தோஷப்படுவதா, செருப்பால் என்னையே அடித்துக்கொள்வதா என்று இப்போதும் தெரியவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடு. தாராளமாகக் கொடு. இந்த ஊரிலும் பழைய கார் ஓடுகிறது. கடையை நான் இங்கே கொண்டுவருகிறேன். நீ சேர்த்துக்கொண்டால் உன்னோடு இருக்கிறேன், இல்லாவிட்டால் இதே ஊரில் எங்கேயாவது இருக்கிறேன்.

ஷட்டரை இறக்கும்போது சாமிக்கண்ணு, “எங்கடா கெளம்பிட்ட?” என்றான். “காரைக்கால்ல ஒரு வேலை, பாத்துட்டு வரேன்” என்றேன். பஸ் ஸ்டாண்டு போவதற்குள் நம் தெருவில் எத்தனை பேர் எதிரே வந்தார்கள், தெரியுமா? ஒவ்வொரு ஆளைப் பார்க்கும்போதும் சேதி நாக்கு நுனிவரை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, குழலி.

மோகன்