அங்கணக்குழியில் ஊற்றிய கள்

அமலி,

பூசை முடிந்து வந்ததும் ஆப்பமாவைக் கரைக்காதே. அதில் விட நீ வாங்கி வைத்த கள் இல்லை. நான் குடிக்கவில்லை. மாதாவிடம் சத்தியம் பண்ணினதிலிருந்து நாக்கில் படவில்லை.

ஒளித்து வைத்திருந்தால் உன்மேல் கோபமாவது வந்திருக்கும். என்னை நம்பி அடுப்புமேட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். செம்பைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். கடைசியில் பாத்திரம் கழுவும் அங்கணக்குழியில் ஊற்றிவிட்டேன்.

சாப்பிட வரும் உன் அண்ணனுக்கு அந்த மாவைத் தோசையாகச் சுட்டுக் கொடு. ரேஷன் அரிசி, வீணாக்க வேண்டாம். ஆப்பம் எங்கே என்று கேட்டால் பூனை தட்டிவிட்டது என்று சொல். மீன்குழம்பு உறியில் இருக்கிறது. நான் தோணித்துறைக்குப் போகிறேன்.

கஸ்பார்

இதையும் சொல்லிவிடுகிறேன். ஊற்றிய பிறகும் நகர முடியவில்லை. குழியோரம் மண்டியிட்டு அந்த வாடையை மோந்துகொண்டிருந்தேன். நம் பிலோமி எழுந்து வந்து, "என்னப்பா தேடுதிய?" என்றாள். சட்டைப் பித்தான் விழுந்துவிட்டது என்றேன். இதை எழுதும்போதும் பிள்ளை குழிக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பித்தான் என் சட்டையில்தான் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிடைத்துவிட்டது என்று சொல்லி, அவள் கையைக் கழுவிவிடு.