பாட்டிலின் கழுத்துப் பக்கம்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். அத்தானுக்கு இருமல் விட்டுவிட்டது, குறட்டைதான் விடவில்லை. இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், பிறகு நானும் அழுவேன், சொல்ல வந்தது அந்தரத்தில் நிற்கும். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

கண்ணாடித் தொழிற்சாலையில் என் வேலை உனக்குத் தெரியும். வெளிச்சப் பலகைக்கு முன்னால் மருந்து பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். விரிசலும் குமிழியும் உள்ளதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான். போன வருஷம் பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமராவை மாட்டினார்கள். நாங்கள் மூன்று பெண்கள் பிரிப்பதைப் பார்த்தே அதன் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும் என்றார்கள். "கத்துக் குடுத்துட்டு நாம வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றாள் பக்கத்தில் நிற்பவள். எனக்கும் அந்தப் பயம்தான்.

முதல் மாதம் அது தூசியைக்கூட விரிசல் என்றது, நாங்கள் சிரித்தோம். நான்காம் மாதம் மயிரிழை விரிசலைப் பிடித்தது. ஒருநாள், கெட்டதெல்லாம் பாட்டில் வார்க்கும் ஒரே அச்சிலிருந்து வருகிறது என்று காட்டியது. அச்சைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நகக்கீறல் அளவுக்கு வெடிப்பு.

போன மாதம் இன்ஜினியர் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். சீட்டைக் கிழிக்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன். திரையில் ஒரு பாட்டிலின் படம். ஆறு மாதத்தில் நான் தவறவிட்ட குறைகளையெல்லாம் சிவப்புப் புள்ளிகளாக வைத்திருந்தாள். நடுப்பகுதி சுத்தமாக இருந்தது. கழுத்துப் பக்கம் முழுவதும் சிவப்பு. மற்ற இரண்டு பேருக்கும் அப்படி இல்லை. "குறை சொல்லக் கூப்பிடலக்கா. உங்க கை சுத்தம். கண்ணுதான் மேல பாக்க மாட்டேங்குது. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள்.

மறுநாளே போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை அரித்திருக்கிறதாம். வலி கிடையாது, மங்கல் கிடையாது, ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்குமாம். போன பார்வை திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

பாட்டில் பார்க்க வைத்த யந்திரம், என் கண்ணைப் பார்த்திருக்கிறது. எனக்குப் பெல்ட் வேலை இல்லை இப்போது. யந்திரத்துக்குச் சந்தேகம் வரும் படங்களைப் பெரிதாக்கித் திரையில் காட்டுவார்கள். நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல வேண்டும். அதுவும் என்னைக் கேட்கிறது, பாரேன்.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார், வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று. நம் அப்பா கடைசி வருஷங்களில் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டே இருப்பார். கட்டின வீட்டையே மறந்துவிட்டார் என்று நாம் கேலி செய்தோம். பிறகு அவர் வெளியே போவதையே நிறுத்தினார். பிடிவாதம் என்று நினைத்தோம். கூடப்பிறந்தவர்கள் அத்தனை பேரையும் கட்டாயம் சோதிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

சமையலறை அலமாரிக் கதவில் மறுபடியும் நெற்றியை இடித்துக்கொண்டதாகப் போன கடிதத்தில் சிரித்து எழுதியிருந்தாய். முதல் தடவை படித்தபோது நானும் சிரித்தேன். நேற்று எடுத்துப் படித்தேன், சிரிப்பு வரவில்லை.

இந்த வாரமே போ, கண்ணம்மா. வேலை, குழந்தைகள், லீவு என்று எதையும் சொல்லாதே. எனக்கு நீளமாகப் பதில் எழுத வேண்டாம். டாக்டர் சொன்னதை மட்டும் ஒரு வரியில் எழுது. அது எதுவானாலும் நான் இருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா