சாப்பாடு இல்லாத மாலைகள்

அக்டோபர் 8, 2025

கொல்கத்தா சால்ட் லேக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். எடை நூற்று இருபத்தொன்று. நர்ஸ் சத்தமாகப் படித்தாள். வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை.

சர்க்கரை, முட்டிவலி, தூக்கத்தில் மூச்சு நிற்பது — எல்லாவற்றுக்கும் சேர்த்து இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன்தான் வழி என்றார் டாக்டர். நவம்பர் 18. கணவர் என்ற இடத்தில் இவர் முத்துகிருஷ்ணன் என்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் சாந்த்ராகாச்சி வந்து இறங்கியதும் இவர் மீன் கட்லெட் வாங்கினார். "இன்னும் நாள் இருக்கே, கீதா." ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றபடியே சாப்பிட்டோம்.

அக்டோபர் 11

பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, எங்கள் பௌதி, துர்கா பூஜை முடிந்த இனிப்பு கொண்டுவந்தார். தேங்காய் உருண்டை. நான் நாலு எடுக்கும்வரை அந்த அம்மா நகரவில்லை. ஆபரேஷன் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் என்ன சொல்வேன்?

அக்டோபர் 17

உணவு ஆலோசகர் மேக்னா. சின்னப் பெண். ஹிந்தியில் பேசினாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம்தானாம். அதைச் சாப்பிட அரை மணி நேரம் ஆகுமாம். கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது.

"எவ்வளவு நாளைக்கு?"

"எப்பவுமே, தீதி."

எதை நினைத்து ரொம்ப பயம் என்று கேட்டாள். வலியை நினைத்து என்றேன். எழுதிக்கொண்டாள்.

பொய்.

அக்டோபர் 20

காளி பூஜை. வெடிச் சத்தம். மட்டன் ரோல், ஆளுக்கு இரண்டு.

அக்டோபர் 26

எழுதிவிடுகிறேன். இங்கே கூட எழுதாவிட்டால் வேறு எங்கே.

இவர் ரயில்வே யார்டிலிருந்து வருவார். "என்ன இருக்கு?" என்பார். இல்லையென்றால் கையில் பொட்டலம் இருக்கும். "பிரி, பிரி, சூடு ஆறிடும்." பிறகு உப்பு பற்றி, காரம் பற்றி, பவானிபூர் கடையில் போன மாதம் சாப்பிட்ட தோசை பற்றி. முக்கால் மணி நேரம். அப்புறம் டிவி. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். நாங்கள் பேசியதையெல்லாம் எழுதினால் சமையல் புத்தகம்தான் வரும்.

கத்தியை நினைத்துப் பயமில்லை. சாப்பாட்டை எடுத்துவிட்டால் எங்களுக்குள் என்ன மிச்சம்?

ஒன்றுமே இல்லை என்றால்?

நவம்பர் 4

இன்று முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். ஈரல் சுருங்க வேண்டுமாம். புரோட்டீன் பவுடர், மோர், வடிகட்டிய சூப். தலைவலி.

நவம்பர் 7

மூன்று நாளாக இவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருகிறார். வேலை என்கிறார். சட்டையில் வெங்காய வாசனை.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

டிவி போட்டார். நான் நினைத்தது சரிதான் போலிருக்கிறது.

நவம்பர் 9

தின்றுவிட்டேன். இவருக்காகச் சுட்டு வைத்து அப்படியே கிடந்த ஆறு சப்பாத்தி, உருளைக்கிழங்கு. அடுப்படியில் நின்றுகொண்டே. ருசி தெரியவில்லை. கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நவம்பர் 10

இவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். "எங்க சாப்பிடுறீங்க தினமும்?"

"கேன்டீன்ல."

"ஏன்?"

"உன் முன்னாடி எப்படி வாயில வைக்கிறது?"

"அதுக்காக வீட்டுக்கே வர மாட்டீங்களா? சாப்பாடு இல்லன்னா என்கிட்ட பேச ஒண்ணுமில்ல. சொல்லிடுங்களேன்!" என் குரலா அது — பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது.

இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சொன்னார்: "அன்னைக்கு ஆஸ்பத்திரியிலருந்து உன்னைக் கூட்டிட்டு வந்தப்ப என்ன சொல்றதுன்னே தெரியல. பிரியாணி வாங்கிட்டு வந்தேன். நீ சாப்பிட்ட. அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் அப்படியே பழகிடுச்சு."

பதினோரு வருஷம் ஆகிறது. எட்டாம் மாதம். பெண் குழந்தை. உயிரில்லாமல் பிறந்தது. ஊருக்குக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. இவர் வாயிலிருந்து அந்த நாள் பற்றி இன்றுதான் கேட்கிறேன்.

அழுகை வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

சப்பாத்தி தின்றதைச் சொன்னேன். "மேக்னாகிட்ட சொல்லிடலாம்" என்றார்.

நவம்பர் 11

சொன்னேன். திட்டவில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு, முதலிலிருந்து பதினாலு நாள் என்றாள். ஆபரேஷன் 25-க்குப் போய்விட்டது.

நவம்பர் 16

இவர் வீட்டில் சாப்பிட்டார், என் எதிரே. தயிர்சாதம். நான் சூப். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கூட்ஸ் வண்டி ஒன்று போய்முடியும்வரை இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

நவம்பர் 27

முந்தாநாள் முடிந்தது. ஒரு மடக்குத் தண்ணீருக்குப் பத்து நிமிஷம். பசியே இல்லை. பசி இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

டிசம்பர் 14

பருப்பை மசித்துக் கொடுத்தார். உப்பு போட மறந்துவிட்டார். நானும் சொல்லவில்லை. அரை மணி நேரத்துக்கு எதிரே உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல், தன் ஆபீஸில் கலியன் என்பவருக்கு மாற்றல் வந்த கதையைச் சொன்னார். சுவாரஸ்யமே இல்லாத கதை. முழுவதும் கேட்டேன்.

ஜனவரி 11, 2026

எடை நூற்று மூன்று.

வெயில் வந்த பிறகு ஜீல் ஏரி வரை நடந்தோம். குளிர்காலத்துப் பறவைகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் இந்த குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒன்பது வருஷம், ஒருமுறைகூடப் போனதில்லை. வழியில் இரண்டு தடவை நின்றேன். அவரும் நின்றார்.

கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆகாயத்தாமரைத் திட்டு முழுக்க வாத்துகள். திடீரென்று சொன்னார்: "அவளுக்கு ஒரு பேரு நினைச்சு வச்சிருந்தேன்."

"என்ன பேரு?" என்றேன்.

"வித்யாலட்சுமி."

"அவ்ளோ நீளமா?"

"லட்சுமின்னு கூப்பிடலாம்னு."

"நான் ஸ்னேகான்னு வச்சிருந்தேன்."

திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "சொல்லவே இல்லியே."

"நீங்களும்தான்."

வீடு வந்துசேரும்வரை எது நல்ல பெயர் என்று பேசிக்கொண்டே வந்தோம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நானும்தான்.